ஆறில்லாத ஊர்க்காரனின் குடல்

பாம்பன் சாலைப் பாலம் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் நீளமுள்ளது. ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்களில் பலர் அதன் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு, கீழே தெரியும் ரயில் பாலத்தையும் இரு பக்கத்துக் கடலையும் படம் எடுத்துக்கொள்வார்கள். அப்படி நிற்கும் வேன்களுக்குப் பின்னால் பேருந்து சிக்கிக்கொண்டால், அது நகரப் பத்து நிமிடமும் ஆகும், அரை மணி நேரமும் ஆகும். மற்றப் பயணிகளுக்கு அது வெறும் அலுப்பு. எனக்கோ, அடிவயிற்றில் ஒரு முறுக்குத் தொடங்கி, நெற்றியில் வியர்வை அரும்பி, இறங்கி ஓடலாம் என்றாலும் இருபுறமும் கடல்தானே என்ற நினைப்பு வந்ததும் அந்த முறுக்கு இரண்டு மடங்காகிற நேரம் அது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விளக்குக் கம்பங்களை எண்ணியபடி மண்டபம் கரைக்கு வந்து சேர்ந்த காலைப் பொழுதுகள் எத்தனையோ.

நான் பாம்பனில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியன். பள்ளி ராமநாதபுரத்தில் இருக்கிறது. 2016-இல் ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஏழு பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. ஆறு பேருக்கு நான்கு நாளில் சரியாகிவிட்டது. ஏழாவது ஆளான எனக்கு இன்றுவரை முழுதாகச் சரியாகவில்லை. குடலில் கிருமித்தொற்று வந்து போனவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, கிருமி போன பின்னும் குடல் பழைய நிலைக்குத் திரும்பாமல் இப்படி நின்றுவிடுவது உண்டு என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்த நோய்க்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் ஐ.பி.எஸ்.; தமிழில் எரிச்சல் குடல் நோய் என்கிறார்கள். நம் ஊரில் ஐ.பி.எஸ். என்றால் காவல்துறை அதிகாரி என்றே பொருள் என்பதால், நான் இந்தப் பெயரை வெளியில் சொல்லும்போதெல்லாம் விளக்கமும் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தது.

முதல் நான்கைந்து ஆண்டுகள் வீணாகவே போயின. ஒருவர் கேஸ் என்று சொல்லி அமில மாத்திரை கொடுத்தார், ஒருவர் பூச்சி மாத்திரை கொடுத்தார், இன்னொருவர் தலை நிமிராமலே “டென்ஷன் ஆகாதீங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிட்டார். அம்மாவுக்கு மட்டும் எந்த ஐயமும் இருக்கவில்லை. “அப்பு, இது குடலேத்தம். எந்த டாக்டருக்கு இது தெரியப்போவுது?” என்று சொல்லி, என்னைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, விளக்கெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கித் தொப்புளைச் சுற்றி மெதுவாக உருவிவிடுவார். குடல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கை இருக்கும்வரை வலி அடங்கியிருந்தது என்பதை மறுக்க முடியாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

கடைசியில் மதுரையில் ஒரு குடல் நோய் மருத்துவர், குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி, இரத்தப் பரிசோதனைகள், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான சோதனை என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, “எல்லாம் நார்மல்” என்றார். ஆறுதல் தர வேண்டிய சொல் அது; எனக்கு அழுகை வந்தது. எல்லாம் நார்மல் என்றால் பாலத்தின் மேல் எனக்கு நேர்வது என்ன? அவர் பொறுமையாக விளக்கினார். வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி, அது மூன்று மாதமாக நீடிப்பது, மலம் கழிப்பதோடு அந்த வலிக்குத் தொடர்பிருப்பது, மலத்தின் எண்ணிக்கையோ தன்மையோ மாறுவது ஆகியவற்றை வைத்தே இந்நோயை உறுதி செய்கிறார்கள். 2016-இல் வெளியான ரோம் அளவுகோல் என்பதன் சாரம் இதுதான். குடலின் உருவத்தில் கோளாறு இல்லை, அது வேலை செய்யும் விதத்திலும் மூளையோடு அது பேசும் விதத்திலுமே கோளாறு இருக்கிறது, ஆகவே படத்தில் எதுவும் தெரியாது என்றார்.

முதலில் உணவு முறையைத்தான் மாற்றச் சொன்னார். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான அந்த முறையில், குடலில் எளிதில் நொதித்து வாயுவை உண்டாக்கும் சர்க்கரை வகைகள் உள்ள பொருள்களைச் சில வாரங்களுக்கு விலக்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரிசிக்கும் மீனுக்கும் தடையில்லை என்றதும் மகிழ்ந்தேன். வெங்காயமும் பூண்டும் கூடாது என்ற அடுத்த வரியில் அந்த மகிழ்ச்சி போய்விட்டது. சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் வைத்த விளமீன் குழம்பைச் சட்டியோடு என் முன்னால் வைத்துவிட்டு, “இத மீன் குழம்புன்னு சொல்லி யாருக்கும் ஊத்திடாதீங்க, எம் பேரு கெட்டுப்போயிரும்” என்றாள் என் மனைவி. பத்திய உணவால் வயிற்று உப்புசம் குறைந்தது உண்மை. பாலத்தின் மேல் வரும் முறுக்கு மட்டும் வெங்காயத்தைக் கேட்டு வருவதாகத் தெரியவில்லை.

இதற்கிடையே இரண்டு காரியங்கள் நடந்தன. 2019-இல் பொதுத்தேர்வு அறைக் கண்காணிப்புப் பணியில் இருந்தபோது, மூன்று மணி நேரத்துக்குள் இரண்டு முறை மாற்று ஆளை அழைத்து வெளியேற நேர்ந்தது; அதற்காக எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். “இயற்கை உபாதை” என்று எழுதிக் கொடுத்த அந்தத் தாளின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டாவது, 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ரயில் நின்றது எல்லோருக்கும் தொல்லைதான், ஆனால் என் தொல்லை வேறு: ரயிலில் கழிப்பறை உண்டு. பள்ளி திறப்பதற்கு வெகு நேரம் முன்பே போய் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை என்று விடியற்காலை ரயிலைப் பிடித்துக்கொண்டிருந்தவன், அன்றிலிருந்து பேருந்துக்கு மாற வேண்டியதாயிற்று. ஒரு கழிப்பறை பக்கத்தில் இருக்கிறது என்ற தெம்பே எனக்குப் பாதி மருந்தாக இருந்திருக்கிறது என்பதை அந்த மாதத்தில்தான் உணர்ந்தேன்.

இதை மருத்துவரிடம் சொன்னபோது, “அப்படின்னா உங்களுக்கு ஹிப்னோதெரபி முயற்சி பண்ணலாம்” என்றார்.

எனக்கு நினைவுக்கு வந்தது பள்ளி ஆண்டு விழாவில் மேடையேறி, பையன்களைத் தூங்கவைத்து வெங்காயத்தை ஆப்பிள் என்று தின்னவைத்த ஒரு மந்திர நிகழ்ச்சிக்காரர்தான். வீட்டில் சொன்னபோது மைத்துனர், “மச்சான், அதுக்கு மதுர வரைக்கும் எதுக்கு? ஏர்வாடி பக்கத்துலதான இருக்கு” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் இந்தக் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு அந்தச் சிரிப்புக்குள் ஒரு முள் இருப்பது தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியில்லாமல் இறந்துபோனார்கள். மனத்துக்கு வைத்தியம் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பக்கத்தில் சங்கிலிதான் கண்ணில் தெரியும். வயிற்று நோய்க்கு அந்த வைத்தியம் என்றால், உன் நோய் பொய், உனக்குக் கிறுக்கு என்று சொல்வதாகவே காதில் விழும். நான் ஆறு மாதம் போகாமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

அந்த ஆறு மாதத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இந்தச் சிகிச்சையின் தொடக்கமும் வளர்ச்சியும் வியப்பாக இங்கிலாந்தின் மான்செஸ்டர் என்ற ஒரே நகரத்தைச் சுற்றியே இருக்கின்றன. 1841-இல் அங்கே நடந்த ஒரு மேடை நிகழ்ச்சியை ஏமாற்று வேலை என்று நிரூபிக்கப் போன ஜேம்ஸ் பிரெய்டு என்ற அறுவை மருத்துவர், அதில் ஏதோ உண்மை இருப்பதைக் கண்டு ஆராய்ந்து, தூக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஹிப்னாடிசம் என்று பெயர் வைத்தார். அது தூக்கமே அல்ல என்பதைப் பிறகு உணர்ந்து பெயரை மாற்றவும் முயன்றார்; அதற்குள் பெயர் ஊன்றிவிட்டது. அவர் தமிழராக இருந்திருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது. அறிதுயில் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது: துயில்வது போல் தோன்றினாலும் உள்ளே அறிவு விழித்திருக்கும் நிலை. எங்கள் கடற்கரையில் திருப்புல்லாணிக் கோயிலில் புல்லின் மேல் சயனித்திருக்கும் ராமரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கடல் வழிவிட வேண்டும் என்று கிடப்பவர் உறங்கியா போயிருப்பார்?

அதே மான்செஸ்டரில் 1984-இல் பீட்டர் வோர்வெல் என்ற குடல் நோய் மருத்துவரும் அவருடைய குழுவினரும், எந்த மருந்துக்கும் அடங்காத கடுமையான எரிச்சல் குடல் நோய் உள்ள 30 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மூன்று மாதத்தில் ஏழு அமர்வுகளாக அறிதுயில் சிகிச்சையும், மற்றவர்களுக்கு உளவியல் ஆலோசனையோடு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் பிரிவில் வலி, உப்புசம், மலப்போக்கு ஆகிய மூன்றுமே வியக்கத்தக்க அளவில் குறைந்தன. மற்றப் பிரிவில் முன்னேற்றம் சொற்பமே. லான்செட் இதழில் அந்த முடிவு வெளியானபோது பலர் நம்பவில்லை என்பதில் ஆச்சரியமில்லை. முப்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கை. பிறகு அதே நகரத்தில் சிகிச்சை பெற்ற 204 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2003-இல் வெளியிட்ட கணக்கில், 71 விழுக்காட்டினருக்குத் தொடக்கத்தில் பலன் கிடைத்ததும், அவர்களில் 81 விழுக்காட்டினருக்கு அந்தப் பலன் நிலைத்ததும் தெரியவந்தது. மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும் என்றே பழகியவனுக்கு, முதல் எண்ணைவிட இரண்டாவது எண்ணே பெரிதாகத் தோன்றியது.

ஆனால் ஒரே மருத்துவமனையின் கணக்கை மட்டும் நம்பிவிடக் கூடாது. நெதர்லாந்தில் 354 பேரை வைத்து நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாத முடிவில் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் தனியாகச் சிகிச்சை பெற்றவர்களில் 41 விழுக்காட்டினர், குழுவாகப் பெற்றவர்களில் 33 விழுக்காட்டினர். நோயைப் பற்றிய விளக்கமும் ஆதரவும் மட்டும் பெற்றவர்களில் 17 விழுக்காட்டினர். மான்செஸ்டர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது குறைவுதான் என்றாலும், ஒப்பீட்டுப் பிரிவைப் போல இரு மடங்கு என்பது சிறிய காரியமல்ல. என்னைப் போல வெங்காயத்தை இழந்து வாடுகிறவர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு: அதே மோனாஷில் 74 பேரிடம் உணவுக் கட்டுப்பாட்டையும் அறிதுயிலையும் ஒப்பிட்டபோது, இரண்டிலும் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தேறினார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பயன் எதுவும் இல்லை. இந்த வரியை நான் என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மறுநாள் குழம்பில் பூண்டு இருந்தது.

மனத்தில் செய்கிற வேலை குடலுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதே என் அடுத்த கேள்வி. குடலின் சுவருக்குள்ளேயே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பில் உள்ள இழைகளில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகும் இழைகளே. எரிச்சல் குடல் நோயாளிகள் பலரிடம் மலக்குடலுக்குள் சிறு பலூனை வைத்துக் காற்றேற்றிப் பார்த்தால், மற்றவர்களுக்கு உறைக்கவே உறைக்காத அளவு விரிவு அவர்களுக்கு வலியாக இருக்கிறது. எங்கள் ஊர் வழக்கில் சொல்வதானால், பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறவர், சாதாரணக் கச்சான் காற்றுக்கெல்லாம் மூன்றாம் எண் கூண்டை ஏற்றிவிடுகிறார். கூண்டு உண்மையானது, அதைப் பார்த்துக் கடலுக்குப் போகாமல் திரும்புகிறவனின் நட்டமும் உண்மையானது. புயல் மட்டும்தான் இல்லை. அறிதுயில் சிகிச்சைக்குப் பிறகு, அப்படி மிகையாக உணர்ந்தவர்களின் குடல் உணர்வு இயல்பை நோக்கித் திரும்புவதை அதே பலூன் சோதனையில் மான்செஸ்டர்க்காரர்கள் காட்டியிருக்கிறார்கள். இதைப் படித்த பிறகுதான், கிறுக்கு என்ற பயம் எனக்குள் முற்றிலும் விலகியது. பொய் வலியாக இருந்தால் பலூனுக்கு எப்படித் தெரியும்?

2023-இன் பிற்பகுதியில் சிகிச்சை தொடங்கினேன். குடல் நோய் மருத்துவரே அனுப்பிவைத்த மருத்துவ உளவியலாளர் அவர். மதுரையில் ஒரு மாடி அறை, சாய்வு நாற்காலி, பச்சைத் திரை, கீழே ஓயாமல் ஒலிக்கும் பேருந்து ஹாரன். பன்னிரண்டு அமர்வுகள், வாரம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 1,200 ரூபாய்; ராமநாதபுரத்திலிருந்து போய்வரும் செலவு தனி. முதல் நாள் கண்ணை மூடவே சொல்லவில்லை. பாலம், தேர்வறை, கல்யாணச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, நோயின் கடுமையை ஐந்நூறுக்குள் அளக்கும் ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார். 340 வந்தது, முந்நூறைத் தாண்டினால் கடுமை என்று கணக்கு. “சார், நீங்க தூங்கப் போறதில்ல. நான் சொல்றது பிடிக்கலன்னா கண்ணத் தொறந்து எந்திரிச்சுப் போயிடலாம். உங்கள மீறி உங்க வாயிலேர்ந்து ஒரு ரகசியமும் வராது” என்றார். கடைசி வாக்கியத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன் என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

இரண்டாம் அமர்வில் மூச்சைக் கவனிக்கச் சொல்லி, இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணி, கால் விரலிலிருந்து தலைவரை ஒவ்வொரு உறுப்பாகத் தளரவிடச் சொன்னார். ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அது யாரோ வீட்டுச் சண்டை போல எனக்குச் சம்பந்தமில்லாததாகிவிட்டது. பிறகு வலது கையை வயிற்றின் மேல் வைக்கச் சொன்னார். கை சூடாகிறது, அந்தச் சூடு தோலைக் கடந்து உள்ளே இறங்குகிறது, அது தொடும் இடமெல்லாம் இறுக்கம் அவிழ்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல, எனக்கு விளக்கெண்ணெய் வாசமே வந்துவிட்டது. உலகெங்கும் இந்தச் சிகிச்சையில் கையை வயிற்றில் வைக்கச் சொல்வது வழக்கமாம். அம்மாவின் மருத்துவத்தில் கூற்றுதான் தவறு, கை தவறவில்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

சிக்கல் மூன்றாம் அமர்வில் வந்தது. “ஒரு ஆத்தங்கரையில உக்காந்திருக்கீங்க. தண்ணி வேகமா ஓடுது. இப்ப அது மெதுவா அமைதியாகுது” என்று தொடங்கினார். குடலை ஓர் ஆறாகக் கற்பனை செய்யவைப்பது இதில் பழைய முறை. பேதி உள்ளவருக்கு ஆற்றை மெதுவாக்குவார்கள், மலச்சிக்கல் உள்ளவருக்கு அதை ஓடவைப்பார்கள். என் கண்ணுக்குள் வந்து நின்றதோ, காலையில் ராமநாதபுரத்திலிருந்து வந்த ரயிலில் பார்த்த வைகை: மணல், கருவேலம், நடுவில் ஒரு சாக்கடைக் கோடு. எங்கள் தீவில் ஆறே கிடையாது. கரையில் உள்ள மாவட்டத்துக்கும் வைகை வருவது தண்ணீர் திறந்துவிட்டால்தான். வந்தாலும் பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். ஓடாத ஆற்றை நான் எப்படி மெதுவாக்குவது? சிரித்துவிட்டேன். கண்ணைத் திறந்து காரணத்தைச் சொன்னேன். அவர் கோபப்படாமல், “அப்ப உங்களுக்குத் தெரிஞ்ச தண்ணி எது, அதச் சொல்லுங்க” என்றார்.

எனக்குத் தெரிந்த தண்ணீர் பாம்பன் கால்வாய். வாடைக் காலத்தில் வடகடலிலிருந்து தென்கடலுக்கும், கச்சானும் சோழகமும் வீசும் காலத்தில் தென்கடலிலிருந்து வடகடலுக்கும் பாலத்தின் தூண்களுக்கிடையே நீர் இழுத்துக்கொண்டு பாயும். மீனவர்கள் அந்த ஓட்டத்தை நீவாடு என்பார்கள். நீவாடு கடுமையாக இருந்தால் போட்ட வலை போட்ட இடத்தில் நிற்காது. ஆனால் காற்று மாறும் இடைப்பட்ட நாள்களில் சில காலைகளில் நீவாடு தணிந்து, இரு கடலும் கண்ணாடி போல் கிடக்கும். அப்போது ரயில் பாலத்தில் படகுகளுக்காக மேலெழும் பகுதியான தூக்கு திறக்க வேண்டிய நாளாக அமைந்துவிட்டால் பார்க்க வேண்டும்: ஒரு பக்கம் படகுகள் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும், தூக்கு மேலே போகும், ஒவ்வொன்றாக, முந்தாமல் முட்டாமல், கடந்துபோகும். சிறு வயதில் சின்னப்பாலம் பக்கத்தில் கரையில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். இதை நான் சொல்லி முடித்தபோது அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

நான்காம் அமர்விலிருந்து என் குடல் கால்வாயாகிவிட்டது. நீவாடு தணிகிறது, தூக்கு தன் நேரத்துக்குத்தான் திறக்கும், காத்திருக்கும் படகுகளுக்கு அவசரமில்லை, கூண்டு ஏற்றுகிறவர் கொடிமரத்தருகே சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று என் சொற்களையே எனக்குத் திருப்பிச் சொன்னார். அதை இருபத்தைந்து நிமிட ஒலிப்பதிவாகக் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்து, தினமும் ஒரு முறை கேட்கச் சொன்னார். அமர்வுகளைவிட இந்த அன்றாடப் பயிற்சியே முக்கியம் என்று அவர் சொன்னது என் அனுபவத்தில் உண்மை. நீச்சலைப் போல இதுவும் பழகினால் வருகிற திறமை. கேட்காமல் விட்ட வாரங்களில் வயிறே அதைக் காட்டிக்கொடுத்தது. மேனாட்டு ஆறுகளையும் புல்வெளிகளையும் வைத்து எழுதிய பதிவுகளைக் கேட்டுவிட்டு, எனக்கு இது பலிக்கவில்லை என்று சொல்லும் நம்மவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான்: உடல் பார்த்திராத தண்ணீரை உடல் நம்பாது. உங்கள் ஊரில் குளம் இருந்தால் குளத்தைச் சொல்லச் சொல்லுங்கள், கமலை இறைத்த கிணறு இருந்தால் அந்தக் கிணற்றை.

முதல் ஐந்து வாரங்கள் ஒரு மாற்றமும் இல்லை. பணம் போயிற்று என்றே நினைத்தேன். ஆறாவது வாரத்தில் ஒரு திங்கட்கிழமை, உச்சிப்புளி தாண்டிய பிறகுதான், பாலத்தில் பேருந்து நின்று கிளம்பியதையே நான் கவனிக்கவில்லை என்பது உறைத்தது. பக்கத்து இருக்கைக்காரர் இறால் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்திருக்கிறார். நான் பதில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அவ்வளவுதான் நடந்தது.

பன்னிரண்டு அமர்வுகளின் முடிவில் என் மதிப்பெண் 185. கடுமையிலிருந்து நடுத்தரத்துக்கு இறங்கியிருக்கிறேன். குணமாகிவிட்டேன் என்று சொல்ல முடியாது. மான்செஸ்டரில் 250 பேரை வைத்து 2002-இல் வெளியிட்ட கணக்கிலேயே, பேதி வகை நோயுள்ள ஆண்களுக்கு மட்டும் பலன் மிகவும் குறைவாக இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். நானும் அந்த இனம்தான். இதை முன்பே படித்திருந்தும் போனேன் என்பதை எண்ணினால், எவ்வளவு நொந்துபோயிருந்தேன் என்பது விளங்கும். மான்செஸ்டர் கணக்கிலேயே பத்தில் ஏறத்தாழ மூவருக்கு இது கேட்கவில்லை. இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் நீங்காத ஒரு குறையும் இருக்கிறது: வெற்று மாத்திரை கொடுத்து ஏமாற்றுவதைப் போல வெற்று அறிதுயில் கொடுத்து யாரையும் ஏமாற்ற முடியாது, தனக்கு என்ன நடக்கிறது என்பது நோயாளிக்குத் தெரியும். பிரிட்டனில் சிகிச்சைகளை மதிப்பிட்டுப் பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பும் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஓராண்டு மருந்து சாப்பிட்டும் தேறாதவர்களுக்கே இதைப் பரிசீலிக்கச் சொன்னது.

இதைப் படித்துவிட்டு நேராக அறிதுயிலுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு சொல். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, இரத்தச்சோகை, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய மாற்றம், குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் போக வேண்டியது குடல் நோய் மருத்துவரிடம்தான். இல்லாத குரல்கள் கேட்பது போன்ற தீவிர மனநோய் உள்ளவர்களுக்கு இந்த முறை ஏற்றதல்ல. பேருந்து நிலையச் சுவரில் ஹிப்னாடிசம், வசியம், பில்லிசூனியம் என்று ஒரே வரியில் எழுதிக் கைப்பேசி எண் கொடுத்திருப்பவர்களிடம் வயிற்றைக் கொண்டுபோய் ஒப்படைக்காதீர்கள். மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் வெட்கமில்லை. நான் கேட்டேன், அவர் சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டினார்.

2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டு ரயில் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. விடியற்காலை ரயிலுக்கு இப்போது நான் ஓடுவதில்லை. பேருந்திலேயே போகிறேன், படிக்கட்டுக்கு அருகிலுள்ள இருக்கையில். அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. ஒலிப்பதிவை இரவு எட்டரைக்குத் திண்ணையில் படுத்தபடி கேட்பேன். காதில் மாட்டும் கருவி போன வாரம் பழுதானதால் சத்தமாகவே வைத்திருந்தேன். பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மா, கை சூடாகிறது என்ற இடம் வந்ததும் உலக்கையை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

“யாரு அப்பு அந்தப் பொண்ணு? தடவத் தெரிஞ்ச பொண்ணாத்தான் இருக்கு” என்றவர், மறுபடி இடிக்கத் தொடங்குமுன் சொன்னார்: “எண்ணெய மட்டும் விட்டுருச்சு.”